விமானத்தில் நம் விசேஷக் குழந்தை

கல்யாணமோ, காதுகுத்தோ, கோடை விடுமுறையோ, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர் கிளம்புவது என்றாலே எந்தத் தாய்க்கும் ஒரு வாரத் தூக்கம் போய்விடும். ஓடியாடும் குழந்தைக்கே இப்படி என்றால், எழுந்து நடக்க முடியாத குழந்தை, கூட்டத்தைக் கண்டால் மிரளும் குழந்தை, எப்போது வலிப்பு வருமோ என்ற குழந்தை வீட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம். "எதுக்கு வம்பு? வீட்டோட இருந்துடலாம்" என்று எத்தனையோ தாய்மார்கள் சொந்த அண்ணன் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

அப்படி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. விமானப் பிரயாணம் ஏதோ பணக்காரர் சமாசாரம் என்று நினைப்பது ஒரு காலம். இம்மாதிரிக் குழந்தைகளுக்கு அது ஆடம்பரம் இல்லை, அவசியம். சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் போனால் ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. ஆடுகிற ரயிலில், அந்தக் குறுகிய கழிவறைக்குள், வளர்ந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நுழைந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். விமானம் என்றால் இரண்டு மணி நேரத்தில் கொண்டு விட்டுவிடுகிறது.

என் இளைய மகனுக்கு வயது 12. பிறந்ததிலிருந்தே 'செரிப்ரல் பால்ஸி', அதாவது மூளை முடக்குவாதம். கை, கால், கழுத்து அவன் சொன்னபடி கேட்காது. பேச்சும் திக்கித் திணறித்தான் வரும். ஆனால் நாம் பேசுவது அத்தனையும் அவனுக்குப் புரியும். மும்பையில் இருக்கும் என் மூத்த பெண்ணின் இரண்டாவது பிரசவத்துக்காக அவனையும் அழைத்துக்கொண்டு விமானத்தில் போய் வந்தோம். அதற்காக நான் தேடித் தேடித் தெரிந்துகொண்டதையும், போன இடத்தில் பட்டதையும் இங்கே எழுதுகிறேன். யாருக்காவது பிரயோஜனப்படும்.

சட்டம் யார் பக்கம்?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள் சகோதரிகளே. ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் விமானத்தில் ஏற்ற மாட்டேன் என்று சொல்ல நம் நாட்டில் எந்த நிறுவனத்துக்கும் உரிமை கிடையாது. இந்த விதி தானாக வந்துவிடவில்லை. பலர் அவமானப்பட்டு, போராடி வாங்கித் தந்தது.

சென்னையைச் சேர்ந்த ராஜீவ் ராஜன் சக்கர நாற்காலியில் இருப்பவர். மாற்றுத் திறனாளிகளின் உரிமைக்காக உழைப்பவர். அவரையே 2007-ஆம் ஆண்டு சென்னையில் விமானத்தில் ஏற்ற மறுத்தார்கள். அவரைப் போன்றவர்கள் எழுப்பிய குரலுக்குப் பிறகு, 2008-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ. என்பார்கள்) மாற்றுத் திறனாளிப் பயணிகளுக்கென்றே தனி விதிகளை வெளியிட்டது.

விதி வந்த பிறகும் கொடுமை நிற்கவில்லை. ஜீஜா கோஷ் கொல்கத்தாக்காரர், அவருக்கும் மூளை முடக்குவாதம்தான். 2012 பிப்ரவரியில் கோவாவில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் போக விமானத்தில் ஏறி உட்கார்ந்தவரை, கீழே இறக்கிவிட்டார்கள். அவர் சும்மா விடவில்லை. சுப்ரீம் கோர்ட் வரை போனார். 2016 மே மாதம் தீர்ப்பு வந்தது. அந்த விமான நிறுவனம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று உத்தரவாயிற்று.

2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் நடந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருக்கலாம். மிரண்டு போயிருந்த ஒரு சிறுவனை ஏற்ற முடியாது என்று மறுத்துவிட்டார்கள். அந்த விமானத்துக்காகக் காத்திருந்த மற்றப் பயணிகள், அவர்களில் டாக்டர்களும் உண்டு, "நாங்கள் கூட இருந்து பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லியும் கேட்கவில்லை. தாய் தகப்பனும் பிள்ளையோடு அங்கேயே நின்றுவிட்டார்கள். டி.ஜி.சி.ஏ. விசாரித்து, அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதோடு அதே ஆண்டு ஜூலையில் விதியையும் இறுக்கிவிட்டது.

இப்போதைய விதி என்ன சொல்கிறது என்றால்: ஒரு பயணியின் உடல்நிலை வானத்தில் மோசமாகலாம் என்று விமான நிறுவனத்துக்குச் சந்தேகம் வந்தால், சிப்பந்திகள் தாங்களாக முடிவு செய்யக் கூடாது. ஒரு டாக்டர் அந்தப் பயணியை நேரில் பரிசோதித்து, பறக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் ஏற்ற மறுத்தால், காரணத்தை உடனே எழுத்து மூலம் கொடுக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எங்களுக்குக் கைகொடுத்தது அதுதான்.

கவுண்டரில் நடந்தது

போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. திரும்பி வரும்போதுதான். கவுண்டரில் இருந்த பெண் என் பையனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இவர் தனியா உட்காருவாரா மேடம்? டாக்டர் சர்டிபிகேட் இருக்கா? இல்லேன்னா ஏத்த முடியாது" என்றாள்.

என் கணவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு நான் பேசினேன். "இவனுக்கு வியாதி எதுவும் இல்லைம்மா. உடம்பு அமைப்பே இப்படித்தான். பக்கத்துல நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். உதவி வேணும்னு டிக்கெட் வாங்கும்போதே சொல்லியாச்சு. ஏத்த முடியாதுன்னா பரவாயில்லை, என்ன காரணம்னு எழுதிக் கொடு. எந்த டாக்டர் இவனைப் பார்த்துச் சொன்னார்னும் அதுல எழுதிடு."

அந்தப் பெண் போய் மேலதிகாரியை அழைத்து வந்தாள். டிக்கெட் எடுத்தபோது நாங்கள் சொல்லியிருந்த விவரம் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அரை மணி நேரம் அங்கும் இங்கும் போன் செய்த பிறகு, "சாரி மேடம், போங்க" என்று போர்டிங் பாஸைக் கொடுத்தார்கள்.

நாங்கள் இதோடு முடிந்தது என்று நினைத்தோம். விமானம் மேலே கிளம்பிய பிறகு என் பையன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "அம்மா... என்னை... வேண்டாம்னாங்களா?" என்று கேட்டான். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. "அவங்களுக்கு விதி தெரியலை கண்ணா, அம்மா சொல்லிக் கொடுத்துட்டேன்" என்றேன். சிரித்தான். பெரியவர்கள் சண்டை போடும்போது பிள்ளை அங்கேயே இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை விமான நிலையச் சிப்பந்திகள் மட்டுமல்ல, நாமும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் ஒருவர் வாதாடும்போது மற்றவர் பிள்ளையைச் சற்று தள்ளி அழைத்துப் போய்விடுவது நல்லது.

டிக்கெட் எடுக்கும்போது

உதவி வேண்டும் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அப்போது முடியாவிட்டால், புறப்படுவதற்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்ல வேண்டும். வெறுமனே "வீல்சேர் வேண்டும்" என்று சொன்னால் போதாது. கொஞ்ச தூரம் நடக்க முடியுமா, படி ஏற முடியுமா, இருக்கை வரை தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டுமா என்று மூன்று விதமாகப் பிரித்துத்தான் ஏற்பாடு செய்கிறார்கள். நம் பிள்ளைக்கு எது என்பதைத் தெளிவாகச் சொல்லவும். தூக்கி வைக்க வேண்டிய பிள்ளைக்கு, விமானத்தின் நடு வழியில் போகிற அளவுக்கு ஒடுங்கலான நாற்காலி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். ஏணிப்படி வைத்து ஏற்றும் இடமானால், ஆளோடு நாற்காலியை அப்படியே மேலே தூக்கும் 'ஆம்புலிஃப்ட்' வண்டி உண்டா என்றும் கேளுங்கள்.

இந்த உதவிக்கெல்லாம் மாற்றுத் திறனாளியிடம் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. பிள்ளையின் சொந்தச் சக்கர நாற்காலியையும் இலவசமாக ஏற்றிச் செல்ல வேண்டும். அது பாட்டரியில் ஓடும் நாற்காலியானால், என்ன வகைப் பாட்டரி என்பதை முன்கூட்டியே சொல்வது மிக அவசியம். சில வகைகளைக் கழற்றித்தான் எடுத்துப் போக விடுவார்கள். சில நிறுவனங்கள் டிக்கெட்டிலும் சலுகை தருகின்றன. பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இருக்கை விஷயம்: அவசர வழிக்குப் பக்கத்து வரிசையில் இப்பிள்ளைகளை உட்கார வைக்க மாட்டார்கள், அது பாதுகாப்புக்காக. தூக்கி உட்கார வைக்கும் பிள்ளைக்கு, கைப்பிடி மேலே மடங்கும் இருக்கை சௌகரியம். 2 வயது நிறைந்த குழந்தைக்குத் தனி இருக்கை எடுத்தே ஆக வேண்டும், மடியில் வைத்துக்கொள்ள விட மாட்டார்கள். தனியாக உட்கார முடியாத பிள்ளைக்கு வார்ப்பட்டை போன்ற பிடிமானம் ஏதாவது கொண்டுபோவதானால், அதை உபயோகிக்கலாமா என்று முதலிலேயே அனுமதி வாங்கிவிடுங்கள்.

சோதனை செய்யும் இடத்தில்

பாதுகாப்புச் சோதனையில் சக்கர நாற்காலிப் பிள்ளையைக் கையால் தடவித்தான் பார்ப்பார்கள். திடீரென்று யாரோ தொட்டால் இப்பிள்ளைகளுக்கு உடம்பு விறைத்துக்கொள்ளும். "இப்போ இவங்க உன் கையைத் தொடுவாங்க, அப்புறம் முதுகு" என்று நாமே சொல்லிக்கொண்டு வந்தால் பயப்படாது. மறைவிடத்தில் வைத்துச் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

செயற்கைக் கால், இரும்புக் காலிபர் போட்டிருந்தால் நேரம் அதிகமாகும். நாட்டியக் கலைஞர் சுதா சந்திரனை நம் எல்லாருக்கும் தெரியும். விமான நிலையங்களில் ஒவ்வொரு முறையும் தன் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்வது எவ்வளவு வேதனையாக இருக்கிறது என்று 2021 அக்டோபரில் அவர் பகிரங்கமாகவே சொன்னார். பாதுகாப்புப் படையினர் வருத்தம் தெரிவித்தார்கள். அத்தனை பிரபலமானவருக்கே அந்தக் கதி என்றால் நமக்கு? ஆகவே வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுவது புத்திசாலித்தனம்.

உடம்பு நலம்

விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல் இருக்காது. சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல இருக்கும். கொடைக்கானல் மலைமேல் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் இருதயக் கோளாறு, நுரையீரல் கோளாறு, அடிக்கடி மூச்சுத் திணறல் உள்ள பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

காது அடைப்பு பெரிய தொந்தரவு. விமானம் கீழே இறங்கும்போதுதான் அதிகம் வலிக்கும். விழுங்கினால் காது திறந்துகொள்ளும். ஆகவே இறங்க ஆரம்பித்ததும் பிள்ளையை எழுப்பி, ஏதாவது கொடுங்கள். தண்ணீர் குடித்தால் புரை ஏறும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குத் தண்ணீருக்குப் பதில், வீட்டில் வழக்கமாகக் கொடுக்கும் கெட்டிக் கஞ்சியோ, மசித்த பழமோ, நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறு ஸ்பூனால் கொடுக்கலாம். சளி பிடித்திருந்தால் வலி அதிகமாகும் என்பதால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும். உள்ளே காற்று மிகவும் வறண்டு இருக்கும். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள்.

வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கு மருந்து ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது. அதிகாலை விமானம் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்துவிட்டு, ராத்திரி 2 மணிக்கு எழுப்பினால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் வலிப்பு வர ஏதுவாகும். பகல் விமானமே நல்லது. பெரிய வலிப்பு வந்து 24 மணி நேரம் ஆகும் முன் பறக்க டாக்டர்கள் சம்மதிப்பதில்லை. மருந்துகளை ஒருபோதும் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். மருந்துச் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும், பிரயாண நாளுக்கு மேல் இரண்டு மூன்று நாளைக்கும் சேர்த்து.

கழிவறைதான் நமக்கெல்லாம் பெரும் கவலை. விமானத்தின் கழிவறையில் ஒருவர் நிற்பதே கஷ்டம், வளர்ந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நுழைவது நடக்காத காரியம். விமான நிலையத்தில் மாற்றுத் திறனாளிகளுக்கென்று விசாலமான கழிவறை உண்டு. விமானத்தில் ஏறுவதற்குச் சற்று முன்பு அங்கே அழைத்துப் போய், டயப்பரையும் புதிதாக மாற்றிவிட்டால் இரண்டு மணி நேரம் கவலையில்லை. அதற்காகப் பிள்ளைக்குத் தண்ணீரே கொடுக்காமல் வைத்துவிடாதீர்கள். அது பாவம், உடம்புக்கும் கெடுதல்.

தூக்குவதிலும் ஒரு முறை உண்டு. உதவிக்கு வரும் ஆட்கள் நல்ல எண்ணத்தோடுதான் வருவார்கள், ஆனால் கக்கத்தில் கைகொடுத்து வெடுக்கென்று இழுத்துவிடுவார்கள். தோள் மூட்டு நழுவ அதுவே போதும். "பொறுங்கப்பா, நான் சொல்றபடி தூக்குங்க" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். பின்னால் ஒருவர் நெஞ்சைச் சுற்றி அணைத்துக்கொள்ள வேண்டும், முன்னால் ஒருவர் இரு முழங்காலுக்கு அடியிலும் கைகொடுக்க வேண்டும். மூன்று எண்ணிவிட்டு, சேர்ந்தாற்போல் நிதானமாகத் தூக்க வேண்டும்.

கூட்டத்தைக் கண்டு மிரளும் பிள்ளைகள்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கஷ்டம் வேறு விதம். வெளித் தோற்றத்தில் ஒன்றும் தெரியாது. ஆகவே பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்தினால், "என்ன வளர்ப்பு இது?" என்பது போலத் தாயைப் பார்ப்பார்கள். எங்கள் மாடி வீட்டு அக்காவின் பேத்திக்கு 7 வயது. அவளை அழைத்துப்போக அக்கா செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் விமான நிலையம், வரிசை, சோதனை, இருக்கை, பெல்ட், மேகம் என்று வரிசையாகப் படங்களை வெட்டி ஒட்டி, இரண்டு வாரம் தினமும் கதையாகச் சொல்லிவந்தார்கள். மிக்ஸி சத்தத்தைக் கேட்கவிட்டு, "இதைவிடக் கொஞ்சம் பெரிய சத்தம் வரும்" என்று பழக்கினார்கள். காதை மூடும் மஃப் ஒன்றும் வாங்கிக் கொடுத்தார்கள்.

நடக்க முடியாத பிள்ளைகளை முதலில் ஏற்றிவிடுவது வசதி. ஆனால் இப்பிள்ளைகளுக்கு அது சரிப்படாது. உள்ளே வெகுநேரம் அடைபட்டிருந்தால் பொறுமை போய்விடும். அந்த வீட்டில் அப்பா மட்டும் சாமான்களோடு முன்னால் ஏறினார். அம்மாவும் பெண்ணும் கடைசியில் ஏறினார்கள். ஜன்னல் ஓரம் பிள்ளை, நடுவில் அம்மா, வழி ஓரம் அப்பா.

வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்காக, பச்சை நிற நாடாவில் சூரியகாந்திப் பூ போட்ட அடையாளம் ஒன்றை 2016-ல் லண்டனின் காட்விக் விமான நிலையத்தில் ஆரம்பித்தார்கள். அதைக் கழுத்தில் போட்டிருந்தால், இவருக்குக் கொஞ்சம் நிதானமாக உதவி தேவை என்று சிப்பந்திகள் புரிந்துகொள்வார்கள். பெங்களூரு, டெல்லி விமான நிலையங்களிலும் இது வந்திருக்கிறது. நீங்கள் போகும் இடத்தில் உண்டா என்று உதவி மேஜையில் கேட்டுப் பாருங்கள்.

நாற்காலி பத்திரம்

சக்கர நாற்காலியை மற்றச் சாமான்களோடு கவுண்டரிலேயே போட்டுவிடாமல், விமானத்தின் கதவு வரை அதிலேயே பிள்ளையைத் தள்ளிச் சென்று அங்கே ஒப்படைக்க விட முடியுமா என்று கேளுங்கள். கழற்றக்கூடிய தலையணை, மெத்தை, கால்பலகை எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளவும். ஒப்படைக்கும் முன் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். எங்கள் நாற்காலியில் பிரேக் வளைந்துதான் வந்தது. படம் இருந்ததால் எங்களால் பேச முடிந்தது. சாமான் எடுக்கும் கூடத்தை விட்டு வெளியே வரும் முன்பே புகார் எழுதி நகல் வாங்கிவிட வேண்டும். "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று வந்துவிட்டால் கதை கந்தல்தான். பிறகு கண்டுபிடித்தால்கூட 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும்.

விமான நிறுவனம் பதில் சொல்லாவிட்டால், மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'ஏர்சேவா' மூலம் புகார் கொடுக்கலாம். மாநில மாற்றுத் திறனாளிகள் ஆணையரிடமும் முறையிடலாம்.

கைப்பையில் இருக்க வேண்டியவை

1. மாற்றுத் திறனாளி அடையாள அட்டை (யு.டி.ஐ.டி. அட்டை இருந்தால் அது), ஆதார், இவற்றின் நகல்கள்.

2. பிள்ளையின் நிலையைப் பற்றி டாக்டர் எழுதிய ஒரு பக்கக் கடிதம். நிலையான ஊனத்துக்கு இது கட்டாயம் இல்லை, ஆனால் கையில் இருந்தால் வாதம் சுருங்கும்.

3. டி.ஜி.சி.ஏ. விதியின் நகல். 'ஏற்ற மறுத்தால் எழுதிக் கொடுக்க வேண்டும்' என்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டு வைக்கவும்.

4. மருந்துகள், மருந்துச் சீட்டு.

5. மாற்று உடை இரண்டு செட், டயப்பர், ஈரத் துணி, பிளாஸ்டிக் பை, ஒரு பழைய விரிப்பு.

6. பிள்ளைக்குப் பழக்கமான உணவு, ஸ்பூன், அதற்குப் பிடித்த ஒரு பொம்மை.

பக்கத்து இருக்கையில் நீங்கள் இருந்தால்

இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் பலருக்கு இப்படி ஒரு குழந்தை வீட்டில் இராது. அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்படி ஒரு பிள்ளை உங்கள் அருகில் வந்து உட்கார்ந்தால், "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டாதீர்கள். எந்த டாக்டரிடம் காட்டினீர்கள், என்ன பரிகாரம் செய்தீர்கள் என்று கேட்காதீர்கள். "ஏதாவது பிடிச்சுக்கணுமா?" என்று கேளுங்கள், போதும். போகும்போது எங்கள் பக்கத்து வரிசையில் ஒரு பெரியம்மா இருந்தார். என் பையனுக்கு எச்சில் வழிந்தபோது, நான் கைப்பையைத் தேடிக்கொண்டிருக்க, தன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டு, "உன் பேர் என்ன ராஜா?" என்று என்னைக் கேட்காமல் அவனையே கேட்டார். அவன் பேர் சொல்லி முடிக்க நேரமாயிற்று. அவசரப்படாமல் காத்திருந்தார்.